செயின்சோ கார்புரேட்டர்: மலையில் ஒரு திருகல், கீழே ஒரு திருகல்

அவிசாவளைப் பக்கம் இறப்பர் மரம் அரியும் ஒரு தம்பி, ஹட்டனில் உறவினர் தோட்டத்துச் சவுக்கு மரங்களை வெட்டித் தருவதற்காகத் தன் செயின்சோவோடு வந்திருந்தான். “அண்ணா, கீழே உறுமிய வாள் இங்கே வந்ததும் இருமுகிறது” என்றான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். அடுப்புக்கரி போல ஈரக் கறுப்பு. வாளில் பழுது எதுவும் இல்லை. மலையேறியதுதான் காரணம்.

கார்புரேட்டரின் வேலை காற்றில் பெற்றோலை அளந்து கலப்பது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்துவிடுகிறது, பெற்றோல் மட்டும் கிட்டத்தட்டப் பழையபடியே வருகிறது. கலவை செறிந்து, புகை கக்கி, இயந்திரம் திணறுகிறது. மேலே சரிசெய்த வாளைக் கீழே கொண்டுபோனால் நடப்பது இதற்கு நேர்மாறு: கலவை வறண்டுவிடும். செறிந்த கலவை எரிச்சலைத்தான் தரும். வறண்ட கலவை பிஸ்டனையே தின்றுவிடும்.

திருகாணியைத் தொடுவதற்கு முன்

கார்புரேட்டர் மீது பழி போடப்படும் வாள்களில் பாதிக்கு நோய் வேறு இடத்தில் இருக்கிறது. காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டுங்கள். மரத்தூள் அப்பியிருந்தால் சவர்க்கார நீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். பிளக், தாங்கிக்குள் கிடக்கும் எரிபொருள் வடிகட்டி, சைலன்சர் வாயில் உள்ள சிறு கம்பி வலை ஆகியவற்றையும் பாருங்கள். மாதக்கணக்கில் கிடந்த பெற்றோலை மாற்றிவிடுங்கள். உங்கள் கையேடு 50க்கு 1 என்று சொன்னால், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு டூ ஸ்ட்ரோக் ஒயில் 20 மில்லிலீற்றர். கண்மதிப்பு வேண்டாம், மருந்துக் குப்பியோடு வரும் அளவு மூடியே போதும்.

பட்டையும் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடு) சங்கிலியும் மாட்டி, சங்கிலியைச் சரியாக இறுக்கியிருக்க வேண்டும். பட்டை இல்லாமல் செய்யும் சரிசெய்தல் மரத்தில் நிற்காது. கையுறை, காதுக் கவசம், கண்ணாடி மூன்றும் அவசியம். பட்டையின் நேரே யாரும் நிற்கக்கூடாது, முக்கியமாக வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகள்.

மூன்று திருகாணிகள்

கார்புரேட்டர் பக்கத்து உறையில் மூன்று துளைகள் தெரியும். ‘எல்’ குறைந்த வேகத்துக்கான பெற்றோல். ‘எச்’ முழு வேகத்துக்கான பெற்றோல். ‘டி’ அல்லது ‘எல்ஏ’ என்று குறித்திருப்பது சும்மா ஓடும் வேகம். எல், எச் இரண்டையும் வலஞ்சுழியாக உள்ளே திருகினால் பெற்றோல் குறையும், இடஞ்சுழியாக வெளியே எடுத்தால் கூடும். டி மட்டும் வேறு சாதி: உள்ளே போனால் வேகம் கூடும்.

சில வாள்களில் திருகாணித் தலை பல் பல்லாக இருக்கும். அதற்குரிய சிறு கருவி தேவை. ஸ்டில்லின் எம்-ட்ரொனிக், ஹஸ்க்வர்னாவின் ஓட்டோடியூன் வகைகள் உயரத்துக்கேற்பத் தாமாகவே அளவை மாற்றிக்கொள்ளும். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடம் தேவையில்லை.

முதல் நிலை. உங்கள் வாளின் கையேட்டில் ஆரம்ப அளவு இருக்கும். பல வாள்களுக்கு அது எல், எச் இரண்டையும் மெதுவாக அடிவரை திருகி, அங்கிருந்து ஒரு சுற்று வெளியே எடுப்பது. அடியில் தட்டியதும் நிறுத்திவிடுங்கள். அழுத்தினால் ஊசிமுனை நசுங்கிவிடும். பிறகு மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள்.

எல். வாளைத் தரையில் வைத்துச் சும்மா ஓடவிடுங்கள். எல் திருகாணியை மிக மெதுவாக உள்ளே கொண்டுபோனால் வேகம் ஏறி, பிறகு தடுமாறும். வெளியே எடுத்தால் மறுபடி ஏறி, பிறகு கனத்துக் குழறும். இரண்டுக்கும் நடுவே வேகம் அதிகமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று வெளியே எடுத்து நிறுத்துங்கள். இப்போது வேகம் கூட்டும் விசையைச் சட்டென்று அழுத்துங்கள். உடனே பாய வேண்டும். ஒரு கணம் மூச்சடைத்துத் தயங்கினால் இன்னும் சிறிது வெளியே. புகையோடு முக்கி முனகினால் சிறிது உள்ளே.

டி. விசையை விட்டதும் சங்கிலி அசையவே கூடாது, இயந்திரமும் அணையக்கூடாது. சங்கிலி நகர்ந்தால் டியை வெளியே எடுங்கள். வாளை மூக்குக் கீழாகவும் பக்கவாட்டிலும் சாய்த்துப் பாருங்கள். வேகம் மாறாமல் இருந்தால் நல்லது. விசையை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் இழுத்துக்கொண்டே போனால் எங்கோ காற்று கசிகிறது என்று சந்தேகியுங்கள். அதைத் திருகாணியால் மூடி மறைக்க முயலாதீர்கள்.

எச். இங்கேதான் நான் காசு கொடுத்துப் படித்தேன். சில ஆண்டுகளுக்கு முன் நுவரெலியாவில் அருமையாகச் சரிசெய்த என் சொந்த வாளை, அப்படியே கீழே கொண்டுபோய் அடிமரம் ஒன்றில் இறக்கினேன். முதல் பத்து நிமிடம் அப்படியொரு கூர்மையான சத்தம், பெருமையாகக்கூட இருந்தது. திடீரென்று நின்றது. கயிற்றை இழுத்தால் வரவில்லை. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனின் பக்கவாட்டில் நகத்தால் கீறியது போல நீள நீளமான கோடுகள். பெற்றோல் குறைந்தபோது அதோடு வரும் ஒயிலும் குறைந்துவிட்டது.

ஆகவே எப்போதும் செறிந்த பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். சங்கிலி பிரேக்கை விடுவித்துவிட்டு (போட்டபடி முழு வேகம் கொடுத்தால் கிளட்ச் எரியும்), சில விநாடிகள் மட்டும் முழு வேகம் கொடுங்கள். எச் போதிய அளவு திறந்திருந்தால் சத்தம் சீராக வராமல், தொண்டையில் நீர் கொப்பளிப்பது போலக் குழறும். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகுங்கள். குழறல் மறைந்து கீச்சென்று தெளியும் இடம் வரும். அங்கே நிற்காதீர்கள். குழறல் லேசாகத் திரும்பும் வரை வெளியே எடுங்கள். பிறகு ஒரு கட்டையை அரியுங்கள்: மரத்துக்குள் இறங்கும்போது சத்தம் தெளிந்து, வெளியே தூக்கியதும் குழறினால் சரி. மரத்துக்குள்ளும் குழறினால் மட்டும் இன்னும் சிறிது உள்ளே திருகலாம்.

சில கட்டைகள் அரிந்தபின் அணைத்து, ஆறவிட்டு, பிளக்கைப் பாருங்கள். பால் விட்ட தேநீரின் நிறம் இருந்தால் நிம்மதி. வெளுத்திருந்தால் எச் திருகாணியை உடனே திறக்க வேண்டும்.

ஹட்டனுக்கு வந்த தம்பியின் வாளுக்கு எல், எச் இரண்டையும் சிறிது உள்ளே கொண்டுபோனதும் இருமல் நின்றது. ஆனாலும், “அண்ணா, கீழே இருந்த பலம் வரவில்லையே, இன்னும் கொஞ்சம் திருகுங்கள்” என்றான். மெல்லிய காற்றில் இயந்திரத்துக்குக் கிடைக்கும் உயிர்வாயுவே குறைவு. அந்தப் பலம் எந்தத் திருகாணியிலும் இல்லை. தேடிப்போனால் கிடைப்பது வறண்ட கலவைதான். வேண்டுமென்றால் சங்கிலியைக் கூராக்கிக்கொள் என்று அரத்தைக் கொடுத்தேன். புறப்படும்போது, எச் திருகாணியை எவ்வளவு உள்ளே திருகினேன் என்பதை வாளின் உறையில் பெயின்ற் பேனாவால் எழுதி, கினிகத்தேனை தாண்டி இறங்கியதும் அதே அளவு வெளியே எடுத்து, மறுபடி காதால் கேட்டுப் பார்க்கச் சொன்னேன்.