புது மெத்தை வாங்கப் போகிறீர்களா? கடையில் கேட்க வேண்டியதும் படுத்துப் பார்க்க வேண்டியதும்

மெத்தைக் கடைக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, “பட்ஜெட் எவ்வளவு சார்?” என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொல்லிவிட்டால் அந்த விலைக்குள் அவர்கள் தள்ள நினைப்பதைத்தான் நமக்குக் காட்டுவார்கள். அதனால் வீட்டிலேயே கொஞ்சம் வேலையை முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

படி 1: கட்டிலை அளக்கவும்

வெளிச்சட்டத்தை அல்ல, மெத்தை உட்காரும் உள்பக்கத்தை அளக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் நீளம் பெரும்பாலும் ஆறடி, ஆறேகால், ஆறரை (72, 75, 78 அங்குலம்). அகலம் ஒருவருக்கு 36, இருவருக்கு 60 அல்லது 72 அங்குலம். ஆசாரியை வைத்துச் செய்த கட்டில் இதில் எதிலும் அடங்காமல் போகலாம். அளவு சொல்லிச் செய்து வாங்கலாம், ஆனால் அப்படி வாங்கியதைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். எனவே இரண்டு முறை அளந்துவிடுங்கள்.

கட்டிலில் முழுப் பலகை இல்லாமல் குறுக்குச் சட்டங்கள் இருந்தால், நடுவில் அதிக இடைவெளி இருக்கக் கூடாது. நான்கு விரல் தாராளமாக நுழைந்தால் மேலே ஒரு பிளைவுட் போட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல ஃபோமும் அந்தச் சந்துகளில் இறங்கும்.

உயரத்தையும் பாருங்கள். மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் பட வேண்டும். வீட்டில் முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால், எட்டு அங்குல மெத்தையின் பகட்டைவிட இதுதான் முக்கியம்.

படி 2: உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவும்

உறையின் மேல் எழுதியிருக்கும் பெயரை விடுங்கள். “மேலிருந்து கீழே ஒவ்வொரு அடுக்கும் என்ன, எத்தனை அங்குலம்?” என்று கேளுங்கள். ஜிப் வைத்த உறையாக இருந்தால் திறந்து காட்டச் சொல்லலாம். ‘லேடெக்ஸ் மெத்தை’ (லேடெக்ஸ் என்பது ரப்பர் பாலில் செய்த ஃபோம்) என்று விற்பதில் மேலே ஒரு அங்குலம் மட்டும் லேடெக்ஸும், கீழே ஐந்து அங்குலம் ரீபாண்டட் ஃபோமும் இருப்பது சகஜம். ரீபாண்டட் என்பது வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகளைப் பசை போட்டு அழுத்தியது. கெட்டியான அடித்தளத்துக்கு அது சரிதான். ஆனால் லேடெக்ஸ் விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது.

போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தை காற்றோட்டமானது, சூடு பிடிக்காது. ஆனால் பஞ்சு அமுங்கிக் கட்டி தட்டும். அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்ட மொட்டை மாடியும் தூக்க ஆளும் உள்ள வீட்டுக்கு இது இன்றைக்கும் நல்ல தேர்வு. தென்னை நாரை ரப்பர் பாலில் சேர்த்துச் செய்த காயர் மெத்தை கெட்டியாக இருக்கும், விலையும் குறைவு. சில வருடங்களில் நடுவில் குழி விழும் என்பதைத் தெரிந்தே வாங்குங்கள். மெமரி ஃபோம் உடல் சூட்டில் இளகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஏசி இல்லாத சென்னை மே மாதத்தில் அதில் படுப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஃபோம் மெத்தை என்றால் ‘டென்சிட்டி’ எவ்வளவு என்று கேளுங்கள். இது கெட்டித்தன்மை அல்ல. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். கூடுதலாக இருந்தால் பொதுவாக அதிக நாள் உழைக்கும். கடைக்காரர் சொல்வதை எடை போட்டே சரிபார்க்கலாம். ஆறடிக்கு மூன்றடி, நான்கு அங்குல உயரமுள்ள ஃபோமில் 40 டென்சிட்டி என்றால் உறை நீங்கலாக ஏறக்குறைய 6.8 கிலோ வர வேண்டும். 32 என்றால் 5.4 கிலோ. ஒரே வகை ஃபோமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். ரீபாண்டட் கலந்திருந்தால் எடை எகிறிவிடும்.

படி 3: படுத்துப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்

கையால் அமுக்கிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படித் தூங்குவீர்களோ அப்படியே பத்து நிமிடமாவது படுங்கள். மல்லாந்து படுத்து இடுப்பு வளைவுக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழைக்கவே முடியாமல் இடுப்பு புதைந்திருந்தால் மெத்து அதிகம். லேசான உரசலோடு போக வேண்டும்.

ஒருக்களித்துத் தூங்குகிறவர்களுக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் இறங்கும்படி மேலடுக்கு மெத்தென்று வேண்டும். குப்புறப் படுப்பவர்களுக்குக் கெட்டியானதே ஒத்துவரும். இருவர் படுக்கும் மெத்தை என்றால் இருவரும் போங்கள். ஒருவர் புரளும்போது மற்றவருக்கு ஆட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய வகை ஸ்பிரிங்கில் நன்றாகவே தெரியும், ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப்பையில் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங்கில் குறைவு.

‘முதுகு வலியா? கட்டாந்தரை மாதிரி இருக்கிறதை எடுங்க’ என்று கடைக்காரரும் சொல்வார், பெரியப்பாவும் சொல்வார். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2003-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, கெட்டி மெத்தையைவிட நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. அப்புறம், உறையில் ‘ஆர்த்தோ’ (எலும்பு, மூட்டு மருத்துவத்தைக் குறிக்கும் சொல்) என்று அச்சடிக்க எந்த டாக்டரின் கையெழுத்தும் தேவையில்லை.

படி 4: பில்லும் வாரண்டியும்

பத்து வருட வாரண்டி என்றால், எத்தனை மில்லிமீட்டர் குழி விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்று கேளுங்கள். கறை பட்டால் செல்லாது என்ற வரி அதில் பெரும்பாலும் இருக்கும். குழந்தை உள்ள வீடென்றால் தண்ணீர் இறங்காத உறையை அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடுங்கள். ஆன்லைனில் 100 இரவு படுத்துப் பார்க்கும் சலுகை இருந்தால், திருப்பி எடுக்க வருகிற செலவு யாருடையது என்று முன்பே படித்துக்கொள்ளுங்கள். அடுக்குகளின் விவரமும் டென்சிட்டியும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

படி 5: வீட்டுக்கு வந்த பிறகு

சுருட்டி பேக் செய்து வந்த மெத்தை முழு உயரத்துக்கு வர ஓரிரு நாள் ஆகும். புது வாடை போக ஜன்னலைத் திறந்து வையுங்கள். உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, பில்லோடு ஒத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்பிப் போடுங்கள். மேலடுக்கு ஒரு பக்கம் மட்டும் உள்ள மெத்தையைக் கவிழ்த்துப் போடக் கூடாது.