தண்ணீர் படாமல் ஓல்ட்ஹாமைட்டை அறுப்பதும் மெருகேற்றுவதும்

கல் அறுக்கிறவருக்குத் தண்ணீர் மூன்றாவது கை மாதிரி. பிளேடு சூடாகாமல் காப்பது அது, அறுபடும் தூளை அடித்துக்கொண்டு போவது அது, கடைசி மெருகுக்குத் துணியை நனைப்பதும் அதுதான். கொல்கத்தாவில் ஒரு புவியியல் ஆய்வுக்கூடத்தில் 26 வருஷமாக, பாறைகளை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்படி அறுத்துத் தேய்த்துக் கொடுக்கிறேன். கிரானைட், பசால்ட், சுண்ணாம்புக்கல் என்று எது வந்தாலும் முதல் வேலை குழாயைத் திறப்பது. ஓல்ட்ஹாமைட் இருக்கிற விண்கல் வந்தால் மட்டும் முதல் வேலை குழாயை மூடுவது.

ஓல்ட்ஹாமைட் என்பது கால்சியம் சல்பைடு. கொஞ்சம் மக்னீசியம், மாங்கனீசு, இரும்பு கலந்திருக்கும். நம் பூமியில் கால்சியம் பெரும்பாலும் ஆக்சிஜனோடு கைகோத்தே கிடைக்கும். ஆக்சிஜனுக்குப் பஞ்சமான இடத்தில் பிறந்த கற்களில்தான் அது கந்தகத்தோடு தனியாகச் சேர்கிறது. அப்படிப்பட்டவை ஆப்ரைட் என்ற வெளிறிய விண்கற்களும், என்ஸ்டடைட் காண்ட்ரைட்டுகள் என்ற இன்னொரு விண்கல் வகையும். இரண்டிலும் நிறைந்திருப்பது என்ஸ்டடைட் என்ற மக்னீசியம் சிலிக்கேட் கனிமம். 1852 டிசம்பர் 2ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி பக்கம் விழுந்த ஒரு கல்லில் வெளிர் பழுப்பு உருண்டைகளாக இருந்ததைக் கண்டு, 1862இல் லண்டனில் நெவில் ஸ்டோரி மஸ்கெலின் இதைப் புதுக் கனிமம் என்று அறிவித்தார். 1851இல் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையை நிறுவிய தாமஸ் ஓல்ட்ஹாமின் பெயரைச் சூட்டினார். அவர் இருந்த ஊரிலேயே உட்கார்ந்து இதை அறுக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு ஒவ்வொரு முறையும் வரும்.

இதன்மேல் ஏன் இத்தனை அக்கறை? என்ஸ்டடைட் காண்ட்ரைட்டில் உள்ள அருமண் தனிமங்களில் பெரும்பங்கு இந்தச் சின்னச் சின்ன மணிகளுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. புதன் கிரகத்தைச் சுற்றிவந்த மெசஞ்சர் விண்கலம் அதன் தரையில் கால்சியமும் கந்தகமும் சேர்ந்தே கூடிக்குறைவதைப் பார்த்தபோது, அங்கே இந்தக் கனிமம் இருக்கலாம் என்று பேச்சு வந்தது. நாம் தண்ணீரை ஊற்றினால் அந்தச் சேதியெல்லாம் சாக்கடையில் போகும்.

எனக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், 1948இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் விழுந்த நார்ட்டன் கவுண்டி ஆப்ரைட்டிலிருந்து கட்டைவிரல் நகம் அளவுத் துண்டு ஒன்று என்னிடம் வந்தது. வழக்கம்போலத் தண்ணீர் ஓடும் பிளேடில் வைத்தேன். பாதி அறுபடுவதற்குள் அழுகின முட்டை நாற்றம். சாக்கடை அடைப்பு என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு மிச்சத்தையும் அறுத்தேன். மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், வெள்ளை என்ஸ்டடைட்டுக்கு நடுவே அங்கங்கே வெறும் குழிகள். சிலவற்றின் சுவர்கள் நேர்க்கோணத்தில், சதுரமாக. உப்பு மாதிரிக் கனசதுரமாகப் பிளக்கிற கனிமம் இருந்த இடம் அது, குழிதான் மிச்சம். நான் முகர்ந்தது சாக்கடையை இல்லை. கால்சியம் சல்பைடு தண்ணீரோடு சேர்ந்து சுண்ணாம்பாகி, கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. அந்தத் தகடு இன்றும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

இனி முறை. கல் கைக்கு வந்ததும் கழுவாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள், காந்தம் ஒட்டுகிறதா என்றும் பார்க்காதீர்கள். காந்தம் கல்லின் பழைய காந்தப் பதிவைக் கெடுத்துவிடும். போட்டோ எடுத்து, எடை போட்டு, அலுமினியத் தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில், அதாவது காற்றுப் புகாத உலர்கலத்தில், வையுங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பதை நம்பாதீர்கள், அந்த அளவு உலர்ச்சி அதற்குப் போதாது. ஜெல்லின் நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்தி எடுங்கள். எங்கள் ஊர் ஜூலை, ஆகஸ்ட் ஈரத்தில் இந்த வேலையை நான் எடுப்பதே இல்லை. டிசம்பர், ஜனவரியில், ஏசியும் ஈரமுறிஞ்சும் இயந்திரமும் ஓடுகிற அறையில் மட்டும்தான்.

ஆப்ரைட்டுகள் பெரும்பாலும் உதிரும் சாதி; விரலால் அழுத்தினாலே மாவு கொட்டும். அதனால் முதலில் பசையில் ஊறவைத்து, பிறகு அறுங்கள். துண்டை வெற்றிட டெசிகேட்டரில் ஓர் இரவு உலர்த்துங்கள். இளகலாக ஓடும் எபாக்ஸிப் பசையைக் கலந்து, வெற்றிடத்திலேயே துண்டின்மேல் ஊற்றுங்கள். உள்ளே இருக்கும் காற்று குமிழ்குமிழாக வெளியேறும். குமிழ் அடங்கியதும் மெதுவாகக் காற்றை விடுங்கள். எபாக்ஸியைக் காற்றே துளைகளுக்குள் தள்ளிவிடும். சீக்கிரம் இறுகட்டும் என்று சூடாக்க வேண்டாம். அறை வெப்பத்தில் ஒரு முழு நாள் விடுங்கள். இந்தப் படியைத் தாண்டி நேராக அறுத்தால், அறுக்கும்போது பயன்படுத்தும் எண்ணெய் துளைகளில் ஏறிக்கொள்ளும், அதற்குப் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது.

அறுப்பதற்கு மெதுவாகச் சுற்றும் மெல்லிய வைர பிளேடு, தொட்டியில் தண்ணீருக்குப் பதில் லிக்விட் பாரஃபின். எடையை வைத்து அழுத்தாதீர்கள், கல் தன் எடையிலேயே இறங்கட்டும். ஒரு சென்டிமீட்டர் அறுக்க ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். அறுத்ததும் எண்ணெயை ஹெக்சேனால் துடைத்து, பிறகு நீரற்ற ஆல்கஹாலால் ஒரு முறை.

அந்த "நீரற்ற" என்ற சொல்லில் கவனம் வையுங்கள். கூடங்களில் சும்மா கிடைக்கிற ரெக்டிஃபைட் ஸ்பிரிட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கு போலத் தண்ணீர் உண்டு. ஒரு தடவை அவசரத்தில் பாட்டிலை மாற்றி எடுத்து, மெருகேறிய முகத்தை அதனால் துடைத்துவிட்டேன். குழி விழவில்லை, ஆனால் எல்லா மணிகளின்மேலும் சாம்பல் படலம். திரும்ப முதல் தாளிலிருந்து தேய்க்க வேண்டியதாயிற்று. 99.9 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, ஈரத்தை உறிஞ்சும், சுட்டு உலர்த்திய மூலக்கூற்றுச் சல்லடை மணிகளை அதற்குள் போட்டு வையுங்கள். திறந்த பாட்டில் காற்றிலிருந்தே ஈரத்தைக் குடிக்கும். பக்கத்தில் தீப்பொறி, ஹீட்டர் எதுவும் கூடாது. புகைபோக்கிக் கூண்டுக்குள்ளேயே வேலை செய்யுங்கள்.

தேய்ப்பது 400, 600, 1200 சிலிக்கான் கார்பைடு தாள்களில், கையால், சில சொட்டு ஐசோபுரொப்பைல் விட்டு. பிறகு வைரப் பசை: 6, 3, 1, கடைசியில் கால் மைக்ரான். பசை எண்ணெயில் கலந்ததாக இருக்க வேண்டும். தண்ணீரில் கலந்த பசையும் கடையில் அதே மாதிரி ஊசிக்குழாயில்தான் வருகிறது, லேபிளைப் படிக்காமல் எடுக்காதீர்கள். கூழ்ம சிலிக்காவால் கடைசி மெருகு கொடுக்கும் பழக்கமுள்ளவர்கள் இங்கே அதை மறந்துவிடுங்கள். அது பாதிக்குமேல் தண்ணீர்.

பொறுமை வேண்டிய இடம் இதுதான். ஓல்ட்ஹாமைட்டின் கடினம் மோஸ் அளவில் 4. அக்கம்பக்கத்து என்ஸ்டடைட் 5க்கும் 6க்கும் இடையில். அடர்த்தியான மயிர் உள்ள துணியில் தேய்த்தால் மென்மையானது சீக்கிரம் குழிந்து, ஓரங்கள் உருண்டுவிடும். மயிரில்லாத நைலான் துணியே நல்லது. இரண்டு நிமிஷம் தேய்த்து, துடைத்து, பார்த்து, மறுபடி இரண்டு நிமிஷம். அல்ட்ராசோனிக் தொட்டியில் போட ஆசை வரும். சில விநாடிக்குமேல் விட்டால் பிளவுக் கோடுகள் வழியாக மணிகள் பெயர்ந்து வந்துவிடும். நான் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மெருகு ஏறியதும் பிரதிபலிப்பு ஒளியில் பாருங்கள். இளஞ்சிவப்பு சாயலுள்ள வெண்கல நிறத்தில் பளிச்சென்று தெரிந்து, குறுக்கு போலரைசரில் மேடையைத் திருப்பத் திருப்ப மாறுவது ட்ரோய்லைட், இரும்பு சல்பைடு. ஓல்ட்ஹாமைட் அதைவிட மங்கலான சாம்பல். திருப்பினாலும் மாறாது, உள்ளிருந்து தேன் நிறத்தில் ஒளி கசியும். அலபாண்டைட் என்ற மாங்கனீசு சல்பைடும் சாம்பல்தான், கண்ணை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். பார்த்த உடனே, அன்றைக்கே, கார்பன் பூச்சு கொடுத்து எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குக் கொண்டுபோங்கள். எக்ஸ்ரே வரைபடத்தில் 2.3 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பக்கம் கந்தகமும், 3.7 பக்கம் கால்சியமும் ஓங்கி நிற்கும். அங்கேயே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், ஜிப்சமும் இதே இரண்டு கூம்புகளைத்தான் காட்டும். 0.5 பக்கம் ஆக்சிஜன் எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், நீங்கள் பார்ப்பது ஓல்ட்ஹாமைட் செத்த பிறகு வந்தது.

கல் விழுந்த இடமும் நேரமும் நம் கையில் இல்லை. 1946இல் டெக்சாஸில் பேன்யா பிளாங்கா ஸ்பிரிங் என்ற ஆப்ரைட் நேராக ஒரு பண்ணைக் குளத்துக்குள்ளேயே விழுந்தது. பஸ்திக்குப் பிறகு 170 வருஷம் கழித்து, 2022 ஆகஸ்ட் 17இல் குஜராத்தின் தியோதர் வட்டாரத்தில் விழுந்த ஆப்ரைட் ஒரு வேப்பமரக் கிளையில் மோதி உடைந்தது, அதுவும் மழைக்காலம். அடுத்தது எப்போது, யார் வீட்டு முற்றத்தில் என்று யாருக்குத் தெரியும்? வெளுத்த, சுண்ணாம்புக் கட்டி போன்ற கல் வானத்திலிருந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், சுத்தமான அலுமினியத் தாளில் எடுத்து, உலர்ந்த டப்பாவில் மூடி வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பார்த்து முடித்த தகட்டைத் திரும்ப டெசிகேட்டருக்குள் வையுங்கள். நைட்ரஜன் ஓடும் அலமாரி இருந்தால் இன்னும் நல்லது. டப்பாவின்மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டுங்கள்: தண்ணீர் கூடாது, ஸ்பிரிட் கூடாது, மெருகேற்றிய தேதி இது. உங்களுக்கு அடுத்து அதை எடுக்கிறவர் தூசியைப் பார்த்ததும் ஈரத்துணியைத்தான் தேடுவார்.