நீலகிரியில் வீடு வாங்குகிறீர்களா? முதலில் வீட்டுக்குப் பின்னால் போய் நில்லுங்கள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் புரோக்கர்கள் வீடு காட்டுவது பெரும்பாலும் ஏப்ரல், மே சீசனில்தான். வெயில் அடிக்கும், சுவர் காய்ந்திருக்கும், புது பெயின்ட் மணக்கும். அந்த நேரத்தில் எந்த வீடும் நன்றாகத்தான் தெரியும். பிடித்துப்போனால், காகிதங்களும் சரியாக இருந்தால், ஒரு சிறு அட்வான்ஸோடு நிறுத்திக்கொண்டு மழையில் மறுபடி போய்ப் பாருங்கள். கூடலூர், பந்தலூர், ஊட்டிக்கு மேற்கே என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. குன்னூர், கோத்தகிரி என்றால் அக்டோபர், நவம்பர். மழை பிடித்து இரண்டு நாள் கழித்துப் போவது நல்லது. முதல் நாள் மழையை மண் குடித்துவிடும். குடித்தது எங்கே வெளியே வருகிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

கையில் டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், தூக்குக்குண்டு, டேப், பிளாஸ்டிக் ஷீட், இரண்டு ஒரு ரூபாய் நாணயம் இருந்தால் போதும். சந்தேகம் வலுத்தால் சிவில் இன்ஜினியரையும் எலக்ட்ரீஷியனையும் தனித்தனியாகக் கூட்டிப்போங்கள். விற்பவரோ புரோக்கரோ சொல்லும் ஆள் வேண்டாம்.

சரிவும் தடுப்புச்சுவரும்

பாதி நேரத்தை வெளியிலேயே செலவிடுங்கள். சமவெளியில் வீட்டைப் பார்த்தால் போதும். இங்கே வீடு உட்கார்ந்திருக்கும் மண்தான் முதல் கேள்வி. 2009 நவம்பர் மழையில் மாவட்டம் முழுவதும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் மேலேயிருந்து வரும் தண்ணீர் இந்த வீட்டைச் சுற்றி எந்த வழியாகப் போகும் என்று கேட்டுக்கொண்டே நடங்கள்.

மலையில் மனை என்றாலே பின்பக்கம் சரிவை வெட்டி, அந்த மண்ணை முன்பக்கம் கொட்டி நிரவிய இடம்தான். வெட்டிய பக்கம் கெட்டி. நிரவிய பக்கம் பல வருடம் அமுங்கிக்கொண்டே இருக்கும். அஸ்திவாரம் இரண்டிலும் பாதிப் பாதி நின்றால், வீட்டின் நடுவில், சரிவுக்குக் குறுக்காகத் தரையில் ஒரு நீள வெடிப்பு ஓடும். ஹாலில் கம்பளமோ புது டைல்ஸோ ஒரு பட்டை மட்டும் தனியாகத் தெரிந்தால் அதற்கடியில் என்ன என்று கேளுங்கள். வாசலில் படிக்கட்டு வீட்டிலிருந்து விலகி நிற்பதும் இதே கதைதான்.

அடுத்து தடுப்புச்சுவர். அதில் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகத் தண்ணீர் வடியும் குழாய்கள் இருக்க வேண்டும். மழையில் அவை சொட்டிக்கொண்டிருந்தால் சுவர் வேலை செய்கிறது என்று பொருள். சுவர் முழுக்க ஈரம், குழாய் மட்டும் காய்ந்திருக்கிறதா? ஒன்று குழாய் அடைத்திருக்கிறது, அல்லது பின்னால் ஜல்லி போடாமல் மண்ணையே கொட்டியிருக்கிறார்கள். தேங்கும் தண்ணீரின் அழுத்தம்தான் சுவரைத் தள்ளுகிறது. மண் தனியாகத் தள்ளுவது அதைவிடக் குறைவு. தூக்குக்குண்டைச் சுவரின் உச்சியிலிருந்து தொங்கவிட்டு மேலே, நடுவில், அடியில் இடைவெளியை அளந்து பாருங்கள். ஒரே சீராகப் பின்னால் சாய்ந்திருந்தால் கட்டும்போதே கொடுத்த சாய்வு, நல்லது. நடுவில் தொந்தி தள்ளியிருந்தால் அதைப் பூசி மறைக்க முடியாது. பிரித்துக் கட்ட வேண்டும், செலவு லட்சங்களில் போகும்.

மேல்வீட்டுச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் எங்கே வடிகின்றன என்பதையும் பாருங்கள். உங்கள் பின்சுவரில் கோடையிலும் ஈரம் இருந்தால் மழைமேல் பழி போட முடியாது.

வெடிப்பு, ஓதம்

பூச்சில் வலைபோல் ஓடும் மெல்லிய கோடுகள் எல்லா வீட்டிலும் உண்டு, விட்டுவிடுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் வெடிப்பில்தான் கவனம். இரண்டு நாணயத்தைச் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். அது உள்ளே நுழைந்தால், அதே இடத்தில் சுவரின் மறுபக்கமும் வெடிப்பு இருந்தால், போகப்போக அகலமானால் அஸ்திவாரம் நகர்கிறது என்று சந்தேகப்படுங்கள். அந்தப் பக்கத்துக் கதவுகள் நிலையில் உரசும்; செதுக்கிய தடமும் தெரியும்.

ஓதம் இல்லாத மலைவீடு கிடையாது. எங்கிருந்து வருகிறது என்பதே விஷயம். பிளாஸ்டிக் ஷீட்டை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் காற்று புகாமல் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் அது உள்காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து, பீரோவைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டாலே பெரும்பாலும் தீரும். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவர் வழியாக வருகிறது. அதற்கு உள்பக்கம் எந்த வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தாலும் இரண்டு மழையில் உரிந்துவிடும். வெளியே மண்ணைத் தோண்டி வடிகால் போடுவதுதான் வழி. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயின்டோ பிவிசி பேனலோ இருந்தால் அங்கேதான் முதலில் ஷீட்டை ஒட்ட வேண்டும்.

பழைய பங்களாக்களில் இன்னொரு கோளாறு: சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல்சுவருக்கு மேல் சிமென்ட் பூச்சு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே சிக்கி, பூச்சு பாளம் பாளமாக உப்பி விழும்.

கூரையும் மற்றவையும்

மங்களூர் ஓட்டுக் கூரை என்றால் மச்சில் ஏறி, டார்ச்சை அணைத்துவிட்டு வெளிச்சப் பொட்டுகளைத் தேடுங்கள். பிறகு கைமரம் சுவருக்குள் நுழையும் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். நடுவில் இரும்பாக இருக்கும் மரம் அந்த முனையில்தான் உளுத்துப்போகும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கவோ துளையிடவோ வேண்டாம், தூசு நுரையீரலுக்கு ஆபத்து. தட்டையான கான்கிரீட் மொட்டைமாடியில் பாசி வட்டமாகப் படிந்திருக்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது; அதற்கு நேர் கீழே உள்ள அறையின் சீலிங்கைப் போய்ப் பாருங்கள்.

மின்சாரத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்பதே முதல் சோதனை. இங்கே குளியலறைக்கு ஒரு கீசர், அறைக்கு ஒரு ஹீட்டர், ஒவ்வொன்றும் இரண்டு கிலோவாட் இழுக்கும். இரண்டு கீசரையும் ஒரு ஹீட்டரையும் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சும் பிளக்கும் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

தண்ணீருக்கு மார்ச், ஏப்ரலில் லாரிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். சொந்த ஊற்றோ கிணறோ இருந்தால் கழிவுநீர் உறிஞ்சுகுழி 18 மீட்டராவது தள்ளி, சரிவில் அதற்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் 18 மீட்டரும் போதாது.

காகிதத்தில் வில்லங்கச் சான்று, பட்டாவோடு நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் வாங்கி, ஓடைப் புறம்போக்கு மனைக்குள் வருகிறதா என்று பாருங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தை வைத்துக்கொண்டு அறைகளை எண்ணுங்கள். வரைபடத்தில் இல்லாத மாடிக்குச் சீல் விழலாம். கூடலூர், பந்தலூரில் 1969 ஜன்மம் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும், உரிமைத் தகராறு உள்ள நிலமா, சீகூர் பக்கம் 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த யானை வழித்தடமா என்று தெரியாமல் அட்வான்ஸே கொடுக்காதீர்கள்.

விற்பவருக்கு

சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியக் குறையை, உங்களுக்குத் தெரிந்திருந்தால், நீங்கள் சொல்லியாக வேண்டும். பெயின்ட் அடிக்கும் பணத்தில் வடிகாலைத் தூர்வாரி, தடுப்புச்சுவர்க் குழாய்களைக் குத்தித் திறந்து, பழுதுபார்த்த பில்களை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். 2009-இல் சரிந்த சுவரை எப்படிக் கட்டினீர்கள் என்பதற்குப் படம் இருந்தால் பேரமே உங்கள் பக்கம் திரும்பும்.

குடியிருப்பவருக்கு

மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் ஒரு சுற்று. ஓடை, வடிகால், கூரைத் தகரக் கால்வாய், தடுப்புச்சுவர்க் குழாய் எல்லாம் சுத்தம். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த சுற்றில் கோட்டைத் தாண்டியிருந்தால் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். குளிர் தொடங்குமுன் கணப்பின் புகைபோக்கியில் குருவிக்கூடு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கதவைச் சாத்திய அறையில் கரி அடுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது. தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார்.