நாலு டிஸ்க், ஒரு பெட்டி: கடற்கரை ஊர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண வீடியோ எடுப்பவர்கள், பழைய கேசட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், சினிமா சேர்க்கும் காலேஜ் பையன்கள். இராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் ஊரிலிருந்து தொண்டி வரைக்கும் இந்த மூன்று கூட்டமும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. மேசை மேல் ஐந்தாறு எக்ஸ்டர்னல் டிஸ்க் சேர்ந்துவிடும். எது எதில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. "நாலு டிஸ்க் போடுற பெட்டி ஒண்ணு வாங்கிடலாமாண்ணே?" என்று கேட்பார்கள்.

தாராளமாக வாங்கலாம். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் என்றால், நெட்வொர்க்கில் மாட்டிப் பல கம்ப்யூட்டருக்குப் பொதுவாக வைக்கும் நாஸ் பெட்டி தேவையில்லை. யூஎஸ்பியில் மாட்டும் சாதாரணப் பெட்டியே போதும், செலவும் குறைவு. ஆனால் நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே கோளாறுகளை இப்போது வருகிறவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். எஜெக்ட் கொடுக்காமல் ஒயரைப் பிடுங்காதீர்கள், ஓடும் டிஸ்க்கை ஆட்டாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

பின் நுழைந்தால் அடாப்டர் சரி என்று நினைப்பது

பெட்டியோடு வந்த அடாப்டர் செத்துப்போனதும் நேராக சிசிடிவி கடைக்குப் போய் ஒரு 12 வோல்ட் அடாப்டர் வாங்கிவிடுகிறார்கள். பின் பொருந்துகிறது, விளக்கும் எரிகிறது. நாலு டிஸ்க்கையும் போட்ட பிறகுதான் கூத்து ஆரம்பிக்கும். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். வேகம் பிடித்த பிறகு அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. நாலும் ஒன்றாகக் கிளம்பினால் 8 ஆம்பியர், அதாவது 96 வாட். கடையில் கொடுத்ததோ 2 ஆம்பியர், மிஞ்சினால் 5. டிஸ்க் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டே நிற்கும். இல்லாவிட்டால் பாதி காப்பியில் நாலு டிரைவும் மொத்தமாகக் காணாமல் போகும். டிஸ்க்தான் போய்விட்டது என்று நினைத்துப் புது டிஸ்க் வாங்கியவர்களும் உண்டு.

நல்ல பெட்டிகள் டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும். அதனால் அவற்றின் அடாப்டரில் ஆம்பியர் கொஞ்சம் குறைவாகப் போட்டிருந்தாலும் ஓடும். உங்கள் பெட்டி எந்த ரகம் என்று ஆராய வேண்டாம். பழைய அடாப்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் அதே வோல்ட்டில் வாங்குங்கள், ஆம்பியர் மட்டும் அதே அளவாகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம்.

லேப்டாப் அடாப்டரும் சில பெட்டிகளில் அப்படியே நுழையும். அது 19 வோல்ட். பெட்டி போகும், கூடவே டிஸ்க்கும் போகலாம்.

'இன்வெர்ட்டர் இருக்கே'

வீட்டு இன்வெர்ட்டர் பலவற்றில் யூபிஎஸ், ஈகோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது பெரும்பாலும் ஈகோவில்தான் கிடக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுப்பதற்குள் விழும் இடைவெளி ஃபேனுக்குத் தெரியாது, டிஸ்க் பெட்டிக்குத் தெரியும். யூபிஎஸ் பக்கம் தள்ளிவிடுங்கள்.

தனி யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் செய்வது இன்னொன்று. கம்ப்யூட்டரை யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு, பெட்டியைச் சுவரில் இருக்கும் பிளக்கில் மாட்டுவார்கள். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும், அது எழுதிக்கொண்டிருந்த டிஸ்க் மட்டும் அணைந்துபோகும். இரண்டும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சுவிட்ச்

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு எரிச்சல் வரும்.

ரெய்டு வசதி, அதாவது பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் வசதி, உள்ள பெட்டிகளில் பின்பக்கம் ஒரு சின்னச் சுவிட்ச் வரிசை இருக்கும். குண்டூசி முனையால் மேலே கீழே தள்ளுகிற அளவுக்குச் சின்னது. பக்கத்தில் ஒரு குட்டி அட்டவணை ஒட்டியிருப்பார்கள்: சிங்கிள், லார்ஜ், 0, 1, 5, 10. புதிதாக வாங்குகிறவர் கண் நேராக லார்ஜுக்குப் போகும், இல்லாவிட்டால் 0-க்குப் போகும். ஏனென்றால் அப்படி வைத்தால் நாலு 4 டிபி டிஸ்க்கும் சேர்ந்து ஒரே 16 டிபி டிரைவாகத் தெரியும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். விற்கிறவரும் "இதுல ரெய்டு இருக்குண்ணே, டேட்டா எங்கயும் போகாது" என்று சொல்லி அனுப்பிவிடுவார். லார்ஜிலும் 0-விலும் பாதுகாப்பு என்று ஒன்றுமே கிடையாது. 0-வில் ஒவ்வொரு கோப்பும் துண்டு துண்டாக நாலு டிஸ்க்கிலும் சிதறிக் கிடக்கும். ஒன்று போனால் நாலும் போன மாதிரிதான்.

டிஸ்க் போகாமல் பெட்டி போனால்? அங்கேதான் எல்லாரும் மாட்டுகிறார்கள். நாலு டிஸ்க்கையும் எந்த வரிசையில், எந்த இடத்தில் சேர்த்து ஒன்றாகக் காட்டுவது என்கிற கணக்கு பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு மட்டுமே தெரியும். டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி வேறு ஒயரில் மாட்டினால் விண்டோஸ் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்கும்.

இராமநாதபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு அண்ணனுக்கு இதுதான் நடந்தது. லார்ஜில் போட்டு, பல வருஷத்துக் கல்யாணங்களை அதற்குள் ஏற்றியிருந்தார். ஒரு நாள் பெட்டி உயிரே வரவில்லை. திறந்து பார்த்தபோது யூஎஸ்பி சாக்கெட்டைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது, பவர் சாக்கெட்டின் கால் ஒன்று அரித்துத் தனியாகவே வந்துவிட்டது. உப்புக்காற்றுதான். அதோடு விட்டிருந்தால் சாக்கெட்டை மாற்றிச் சமாளித்திருக்கலாம். அவர் அவசரப்பட்டு, பார்க்க அதே மாதிரி இருக்கும் இன்னொரு பெட்டியை வாங்கிவிட்டார். உள்ளே வேறு சிப். நாலு டிஸ்க்கையும் உருவி மேசையில் வைத்துவிட்டு, கைக்கு வந்த வரிசையில் புதுப் பெட்டிக்குள் போட்டார். "இனிஷியலைஸ்" என்று வந்தது. நல்லவேளை, அதை அழுத்துவதற்கு முன் போன் செய்தார்.

"எது முதல்ல இருந்துச்சுண்ணே?"

"எல்லாம் ஒரே மாதிரிதானே தம்பி இருக்கு."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. நாலும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. முதல் டிஸ்க்கைக் கண்டுபிடிப்பது சுலபம், டிரைவ் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பகுப்பு அட்டவணை அதில்தான் தொடங்கும். மற்ற மூன்றையும் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்து, லினக்ஸில் பிரதி எடுத்து, பெரும்பாலானவற்றை மீட்க முடிந்தது. காரணம் அது லார்ஜ் என்பதுதான். லார்ஜில் ஒரு டிஸ்க் நிரம்பிய பிறகுதான் அடுத்ததற்குப் போகும், கோப்புகள் முழுசாக இருக்கும். 0-வாக இருந்திருந்தால் துண்டு எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். மீட்டுத் தரும் கம்பெனிகள் அதற்குக் கேட்கும் தொகையில் இன்னொரு பெட்டியும் டிஸ்க்கும் வாங்கலாம்.

சரி, 5 போட்டால்? ஒரு டிஸ்க் போனால் தாங்கும், உண்மைதான். ஆனால் பெட்டி போனால் இதே கதை. தெரியாமல் அழித்த கோப்பையோ, வைரஸ் பூட்டிய கோப்பையோ எந்த ரெய்டும் திருப்பித் தராது. 5 போட்டவர்கள் அந்தத் தைரியத்தில் தனி பேக்கப் எடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். என் ஆத்திரம் அதுதான்.

ஆகவே சுவிட்சை சிங்கிளில் வையுங்கள். சில பெட்டிகளில் அதை ஜேபிஓடி என்று போட்டிருக்கும். அந்தச் சொல்லையே லார்ஜுக்கு வைக்கும் கம்பெனிகளும் இருப்பதால், நாலு டிரைவும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள். முடிந்தால் ரெய்டே இல்லாத பெட்டியாக வாங்குங்கள், விலையும் குறையும். பெரும்பாலும் அந்த டிஸ்க்குகளைச் சாதாரண சாட்டா–யூஎஸ்பி ஒயரில் மாட்டினாலும் திறக்கும். வாங்கிய அன்றே ஒன்றைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

நாலையும் ஒன்றாகப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் அதை மென்பொருளிடம் விடுங்கள். லினக்ஸில் மெர்ஜர்எஃப்எஸ் இலவசம். விண்டோஸில் டிரைவ்பூல் காசு கொடுத்து வாங்க வேண்டும். இரண்டிலும் கோப்புகள் அந்தந்த டிஸ்க்கில் முழுசாகவே இருக்கும். விண்டோஸோடு வரும் ஸ்டோரேஜ் ஸ்பேஸஸை யூஎஸ்பி பெட்டியோடு சேர்க்காதீர்கள். சில பெட்டிகள் நாலு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண்ணைச் சொல்லும், அது குழம்பிவிடும். ஒரு டிஸ்க் செத்தாலும் தாங்க வேண்டும் என்றால் ஸ்னாப்ரெய்டு இருக்கிறது, அதுவும் இலவசம். நாலில் ஒன்றைப் பாரிட்டிக்கு, அதாவது செத்த டிஸ்க்கில் இருந்ததைத் திரும்பக் கண்டுபிடிக்க உதவும் கணக்குக்கு, ஒதுக்க வேண்டும், அது மற்றவற்றில் பெரியதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். நீங்கள் 'சிங்க்' ஓட்டும்போதுதான் கணக்கு புதுப்பிக்கப்படும், இடையில் சேர்த்ததற்குக் காவல் இல்லை. எடிட் முடிந்து இனிமேல் தொடப்போவதில்லை என்கிற கல்யாண வீடியோவுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

அப்புறம், மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். எழுதும்போது மூச்சுத் துளையைத் தொடாதீர்கள். பக்கத்திலேயே மூடக்கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி எடுத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஜன்னலோரம் வைப்பது

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இரும்பு எப்படி அரிக்கிறது என்று சோதிக்க மண்டபத்தைத்தான் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் "சூடு ஆகாம இருக்கட்டும்ணே" என்று கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே பெட்டியை வைக்கிறார்கள். பெட்டியின் ஃபேன் நாள் முழுக்க அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. வாடைக் காலத்தில் வடக்கு ஜன்னல், கச்சான் வீசும்போது தெற்கும் மேற்கும். எதன் ஓரத்திலும் வேண்டாம், உள் அறையில் வையுங்கள். அதற்காகத் துணி போட்டு மூடவும் கூடாது, நாலு டிஸ்க்கின் சூடு வெளியே போக வேண்டும். 50 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரிப்பு தொடங்கிவிட்டதா என்று பெட்டியைத் திறக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்கிற மென்பொருளைப் போட்டு, டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே சொல்லும் ஸ்மார்ட் பட்டியலைப் பாருங்கள். அதில் வரிசை எண்ணும் கடைசிக் கட்டத்து மதிப்பும் வழக்கமாகப் பதினாறடிமானத்தில், அதாவது 9-க்குப் பிறகு ஏ, பி, சி என்று எழுத்தாக, வரும். சிஆர்சி பிழை என்கிற வரிசை, தசமத்தில் 199, பட்டியலில் சி7 என்று இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் சந்தேகப்பட வேண்டியது டிஸ்க்கை அல்ல, ஒயரையும் கனெக்டரையும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். அந்த எண் குறையவே குறையாது, மேற்கொண்டு ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். 5, சி5 என்ற இரண்டு வரிசைகள் ஏறினால் அது டிஸ்க்கின் கோளாறு. அன்றைக்கே காப்பி எடுங்கள்.

எடுத்து வைக்கும் டிஸ்க்கை வெறுமனே பீரோவில் போடாமல், ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

எஸ்எம்ஆர் என்று தெரியாமல் வாங்குவது

மலிவான டிஸ்க்குகள் பலவற்றில் தடங்கள் ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். அதைத்தான் எஸ்எம்ஆர் என்கிறார்கள். ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். காப்பி 150 எம்பி வேகத்தில் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் இருபது முப்பதுக்கு இறங்கி நிற்கும். சீகேட் பாரகுடா 4 டிபியில் எஸ்டி4000டிஎம்004 என்கிற மாடல் இந்த வகை. நாஸுக்கு என்று விற்ற டபிள்யூடி ரெட் வரிசையிலேயே 2 முதல் 6 டிபி வரை சிலவற்றில் எஸ்எம்ஆர் இருந்தது 2020-ல்தான் வெளியே வந்து, பெரிய ரகளையானது. இப்போது ரெட் பிளஸ் என்று விற்பது சிஎம்ஆர், தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத வகை.

ஒரு தடவை எழுதிவிட்டு அப்படியே வைப்பதற்கு எஸ்எம்ஆர் மோசமில்லை. ஸ்னாப்ரெய்டின் பாரிட்டி டிஸ்க்குக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். மாடல் எண்ணைக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சிசிடிவியில் ஓடிய பழைய டிஸ்க்

வாங்கலாம். ஆனால் அதே ஸ்மார்ட் பட்டியலில் 09 என்கிற வரிசையில் ஓடிய மணிநேரத்தை, தசமத்துக்கு மாற்றி, பாருங்கள். ஒரு வருஷம் அணையாமல் ஓடினால் 8,760 மணி. நாற்பதாயிரம் காட்டுகிற டிஸ்க்குக்குப் புது விலையில் முக்கால்வாசி கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

சில ஆயிரம் ரூபாய்க்கு 16 டிபி எஸ்எஸ்டி

அப்படி ஒன்று கிடையாது.

தண்டர்போல்ட் பெட்டி

ஹார்ட் டிஸ்க்குக்கு வீண் செலவு. ஒரு டிஸ்க் தருவதே நொடிக்கு 150 முதல் 250 எம்பி, சாதாரண 5 ஜிகாபிட் யூஎஸ்பி 400 எம்பிக்கு மேல் தாங்கும்.

எல்லாக் காப்பியும் ஒரே வீட்டில்

பெட்டி ஒரு மேசையில், பேக்கப் டிஸ்க் அதே மேசையின் டிராயரில். மின்னலோ திருட்டோ வெள்ளமோ இரண்டையும் பிரித்துப் பார்க்காது. ஒரு காப்பி ஊருக்கு வெளியே இருக்கட்டும். பரமக்குடியிலோ மதுரையிலோ சொந்தக்காரர் வீடு இல்லாதவர் இங்கே யாரும் இல்லை. இரண்டு டிஸ்க் வாங்கி, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ போகும்போது ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கி வாருங்கள். அங்கே இருக்கும் டிஸ்க்கை விண்டோஸ் திறக்கும் சாதாரண என்டிஎஃப்எஸ்ஸில் வையுங்கள். போன இடத்தில் யாருடைய லேப்டாப்பிலாவது மாட்டி, நாலைந்து வீடியோவை நடுவில் தள்ளித் தள்ளி ஓட்டிப் பார்த்துவிட்டு வையுங்கள். ஃபோல்டர் பெயர் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். உள்ளே இருக்கும் கோப்பு பாதியில் அறுந்திருந்தாலும் பெயர் ஒழுங்காகத்தான் தெரியும்.