சோறு குறைந்த இலையில் கறி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு?

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடத் தொடங்குகிறவர்கள் கொங்குப் பகுதியில் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். சிலர் சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தேங்காய், நிலக்கடலை, நெய் என்று நிரப்பிவிடுகிறார்கள். வயிறு நிறைகிறது, எடை நகர்வதில்லை. வேறு சிலர் சோற்றோடு எண்ணெயையும் விட்டுவிட்டு, முட்டை வெள்ளைக்கருவும் அவித்த நெஞ்சுக்கறியுமாக ஓட்டுகிறார்கள். பத்து நாளில் சோர்வும் மலச்சிக்கலும் வந்து, சாயங்காலமானால் கை முறுக்கு டப்பாவைத் தேடுகிறது. இரண்டு தவறும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. புரதத்துக்கு முதலில் ஒரு அளவு வைக்கவில்லை.

வரிசை இதுதான். புரதம் தினமும் எட்டியே ஆக வேண்டிய அளவு. மாவுச்சத்து தாண்டக் கூடாத அளவு. கொழுப்பு, மிச்சப் பசிக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ள நம் கையில் இருப்பது.

மருந்து எடுப்பவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் சோற்றைக் குறைத்த அன்றே சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடும் அபாயம் உண்டு. ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். எனவே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிய பிறகே தட்டை மாற்றுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடியவர்கள், சிறுநீரில் புரதம் போகிறவர்கள், பித்தப்பையில் கல் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் இந்தக் கணக்கைத் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கணக்குப் போடும் முறை

உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 100 கழியுங்கள். பெண்கள் 105 கழிக்கலாம். வருவது தோராயமான சரியான எடை. அதன் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம். இப்போதைய எடையை வைத்துக் கணக்கிட வேண்டாம். 95 கிலோ ஆளுக்குத் தேவையில்லாமல் அளவு ஏறிவிடும்.

165 செ.மீ. உயர ஆண் ஒருவருக்கு 65 கிலோ, கிலோவுக்கு 1.3 வீதம் ஏறக்குறைய 85 கிராம் புரதம். ஒரு நாளைக்கு 1600 கலோரி, மாவுச்சத்து 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. புரதத்தில் 340, மாவுச்சத்தில் 200 போக மிச்சம் 1060 கலோரி. 9ஆல் வகுத்தால் கொழுப்பு 118 கிராம். மாவுச்சத்தை 100 கிராமாக வைத்துக்கொள்கிறவருக்குக் கொழுப்பு 96 கிராம்தான். சோறு கொஞ்சம் கூடினால் எண்ணெய் இறங்கியே ஆக வேண்டும். ஒரு கப் சோறே 45 கிராம் மாவுச்சத்து என்பதை நினைவில் வையுங்கள்.

ஆக, ஒரு பங்கு புரதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு கொழுப்பு. புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்த எடையைப் போல நான்கு மடங்கு கொழுப்பு என்று கேள்விப்படும் கணக்கு வேறு இடத்திலிருந்து வந்தது. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்காக முன்வைத்த கீட்டோ உணவின் வழிவந்த மருத்துவ அளவு அது. எடை குறைக்க வந்தவர் அதைப் பிடித்துக்கொண்டு காப்பியில் வெண்ணெய் கலக்க வேண்டியதில்லை, அது ஊத்துக்குளி வெண்ணெயாகவே இருந்தாலும்.

கொழுப்பே இல்லாமலும் முடியாது. 1928இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் மேற்பார்வையில் இருந்து கறி மட்டுமே உண்ட ஆர்க்டிக் ஆய்வுப் பயணி ஸ்டெஃபான்சனுக்கு, கொழுப்பு நீக்கிய கறியை மட்டும் கொடுத்தபோது சில நாளில் வயிற்றுப்போக்கு கண்டது. கொழுப்பு சேர்த்ததும் சரியானது. வெள்ளைக்கரு மட்டும் தின்று நாளை ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எதில் எவ்வளவு

நாமக்கல் முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு. இவ்வளவு சமன்பட்ட பொருள் வேறில்லை. மஞ்சள்கருவை எறிய வேண்டாம். எலும்பில்லாத கறிக்கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் புரதம் 22, கொழுப்பு 3. தோலோடு தொடை என்றால் புரதம் 16, கொழுப்பு 15. கட்லா, ரோகு போன்ற அணை மீன்களில் புரதம் 17 அளவு, கொழுப்பு மிகக் குறைவு. பன்னீரில் புரதம் 18, கொழுப்பு 20க்கு மேல். வெள்ளாட்டுக்கறியில் புரதம் 20. கொழுப்பு கறிக்கடைக்காரர் எந்த இடத்தில் வெட்டினார் என்பதைப் பொறுத்தது. எல்லாம் பச்சையாக நிறுத்த எடை. எலும்போடு வாங்கும் கறியில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு எலும்பு. 150 கிராம் இலையில் விழுந்தால் 100 கிராம் கறி என்று எண்ணுங்கள்.

ஏமாறும் இடங்கள் மூன்று. தேங்காய் 100 கிராமில் கொழுப்பு 33, புரதம் வெறும் 3; அதைப் புரதக் கணக்கில் எழுதவே கூடாது. நிலக்கடலையில் புரதம் 25 இருந்தாலும் கொழுப்பு 49. ஒரு கைப்பிடி, 25 கிராமோடு நிறுத்துங்கள். மூன்றாவது கொள்ளு. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பேச்சை நம்பி கொள்ளுப்பருப்பைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. 100 கிராம் கொள்ளில் புரதம் 22, மாவுச்சத்து 57. கொள்ளு ரசம் தெளிவாக இறுத்துக் குடிக்கலாம். கடைந்த பருப்பை அளந்துதான் ஊற்ற வேண்டும். அப்படியே ரோட்டுக்கடைக் காளானையும் விட்டுவிடுங்கள். அதில் காளானைவிட முட்டைக்கோசும் மைதாவும்தான் அதிகம்.

ஒரே வறுவல், இரண்டு கணக்கு

பள்ளிபாளையம் சிக்கன் இந்த உணவுமுறைக்குப் பொருத்தமானது: தக்காளி இல்லை, அரைத்த மசாலா இல்லை, கெட்டியாக்க மாவு இல்லை. எலும்போடு தோல் நீக்கிய கோழி அரை கிலோ, சின்ன வெங்காயம் 150 கிராம், விதை எடுத்த வரமிளகாய், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் 50 கிராம், எண்ணெய் 3 மேசைக்கரண்டி. கோழியில் ஏறக்குறைய 70 கிராம் புரதம், 22 கிராம் கொழுப்பு. எண்ணெயில் 41, தேங்காயில் 17. மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் புரதம் 24, கொழுப்பு 27. சரியான அளவு.

அதே கறியில் எண்ணெயை 6 கரண்டியாகவும் தேங்காயை ஒரு முழு மூடியாகவும், அதாவது 125 கிராமாகவும், கூட்டிப் பாருங்கள். ஆளுக்குக் கொழுப்பு 48ஐத் தொடுகிறது, புரதம் ஒரு கிராம் கூடுவதே பெரிது. கறித் துண்டின் எண்ணிக்கை மாறவில்லை என்பதால் சாப்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. எடை நின்றுபோன வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த வாணலிதான்.

நாட்டுக்கோழி கொழுப்புக் குறைந்தது. அதற்குத் தேங்காய் அரைத்த குழம்பு பொருந்தும். தோலோடு வாங்கிய கறிக்கோழிக்கு எண்ணெயைப் பாதியாக்குங்கள், அதன் கொழுப்பே உருகி வரும். குழம்பு கெட்டியாகப் பொட்டுக்கடலையோ அரிசியோ அரைத்து விடும் பழக்கத்தை நிறுத்துங்கள். வீட்டில் மற்றவர்கள் சோறு சாப்பிடுகிறார்கள் என்றால் தனிச் சமையல் வேண்டாம்; உங்கள் கறித் துண்டுகளை முதலில் எடுத்து நிறுத்துக்கொண்டு, பிறகு குழம்பு ஊற்றுங்கள்.

65 கிலோக்காரரின் ஒரு நாள்

காலையில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் மூன்று முட்டை ஆம்லெட், 50 கிராம் பன்னீர்: புரதம் 28, கொழுப்பு 31. மத்தியானம் எலும்பு நீக்கி 150 கிராம் நாட்டுக்கோழி, 30 கிராம் தேங்காய் அரைத்த குழம்பு, கீரையோ பீர்க்கங்காயோ பொரியல், சமையல் எண்ணெயோடு சேர்த்து: புரதம் 32, கொழுப்பு 37. சாயங்காலம் அவித்த நிலக்கடலை, பச்சை எடையில் 25 கிராம்: 6, 12. ராத்திரி 100 கிராம் கறி வறுவல், சுரைக்காய், 100 கிராம் தயிர்: 23, 22. கூட்டினால் புரதம் 89, கொழுப்பு 102. நெய் தனியாக ஊற்றாமலே கொழுப்பு வந்துவிட்டது. பசித்தால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு இடமும் இருக்கிறது.

புரட்டாசியில் கணக்கு இறுகும். பன்னீர் 100 கிராம், காய்ந்த மீல் மேக்கர் 40 கிராம், தயிர் 300 கிராம், நிலக்கடலை 25 கிராம் சேர்த்தாலும் புரதம் 55தான். அதோடு 50 கிராம் கொள்ளோ பச்சைப்பயறோ கடைந்தால் 66ஐ எட்டலாம், 160 செ.மீ. உயரப் பெண்ணுக்கு அது போதும். அந்த மாதம் மாவுச்சத்து 80 கிராம் வரை ஏறுவதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எண்ணெய், உப்பு, திருத்தம்

வீட்டு எண்ணெயைக் கரண்டியால் அளக்க முடியாவிட்டால் மாதக் கணக்கால் அளக்கலாம். நான்கு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் செலவானால் ஆளுக்குத் தினம் 33 மில்லி, 30 கிராம் கொழுப்பு. தேங்காயெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, நெய்யில் பாதிக்கு மேல், செக்குக் கடலெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குதான். தினச் சமையலுக்குக் கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் போதும். தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் கொழுப்புப் பரிசோதனை செய்யுங்கள். எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு தெளிவாக ஏறியிருந்தால் நெய்யையும் தேங்காயையும் குறைத்து, முடிவோடு மருத்துவரைப் பாருங்கள்.

முதல் வாரத் தலைவலியும் தள்ளாட்டமும் பெரும்பாலும் உப்பும் நீரும் குறைந்ததால் வருவது; ரத்த அழுத்தம் இல்லாதவர்கள் உப்புப் போட்ட மோரும், மசாலாப் பொருட்கள் போட்ட செலவு ரசமும் குடிக்கலாம். பிறகும் நாலு மணிக்கே பசித்தால் காலைப் புரதத்தைக் கூட்டுங்கள், ஒரு முட்டை போதும். சாப்பிட்டதும் வயிறு கனத்து இளக்கமாகப் போனால் ஒரே வேளையில் கொழுப்பு அதிகம். மூன்று வேளைக்கும் பிரியுங்கள். மூன்று வாரம் எடை நகரவில்லை என்றால் புரதத்தில் கை வைக்காமல் தினம் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயையோ 40 கிராம் தேங்காயையோ எடுத்துவிட்டு, இன்னும் இரண்டு வாரம் கழித்து எடை பாருங்கள்.