அரசமைப்புச் சட்டத்தைக் கையில் எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் என்னிடம் புதிதாகச் சேர்ந்த இளம் வழக்கறிஞர் ஒருவர் எழுதிக் கொண்டுவந்த ரிட் மனுவின் (உரிமை மீறலுக்கு எதிராக உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ போடும் மனு) வரைவைப் படித்தபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியதையே யாரோ படியெடுத்துக் கொடுத்துவிட்டார்களோ என்று தோன்றியது. முகவுரையில் தொடங்கி, சமூக நீதியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, அரசுக்கான வழிகாட்டு நெறிகளைக் கொண்ட நான்காம் பகுதியிலிருந்து ஒரு மேற்கோளும் காட்டியிருந்தார். யாருடைய எந்த உரிமை மீறப்பட்டது என்ற வரி மட்டும் எங்கும் இல்லை. உறுப்பு எண்ணைத் தவறாக எழுதுவது, பழைய பதிப்பைப் பார்த்து எழுதுவது போன்றவற்றை இங்கே நான் பேசப் போவதில்லை. ஒரு முறை திட்டு வாங்கினால் அவை தாமே சரியாகிவிடும்.

இலட்சியத்தை உரிமை என்று வாதாடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். பள்ளிக்கு அருகே திறக்கப்பட்ட மதுக்கடையை மூடக் கோரி, ஒரு கிராமத்துப் பெண்கள் என் சீனியரிடம் வந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்த பணம் ஒரு மஞ்சள் பையில் இருந்தது. வரைவு எழுதும் பொறுப்பு என்னுடையது. மருத்துவத் தேவைக்கு அல்லாமல் மது அருந்துவதைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என்று உறுப்பு 47 கூறுவதால், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று மனு முழுவதையும் அதன் மீதே கட்டினேன். விசாரணையில் நீதிபதி என்னை உறுப்பு 37-ஐப் படிக்கச் சொன்னார். என் புத்தகத்தில் 47-இன் கீழே சிவப்புக் கோடு இருந்தது. அதற்கு முந்தைய பக்கங்களில் பென்சில் பட்ட தடமே இல்லை. இப்பகுதியில் உள்ளவற்றை எந்த நீதிமன்றத்தின் வாயிலாகவும் செயற்படுத்த இயலாது என்று 37 ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. மனு தள்ளுபடியானது. பள்ளியிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று விதி இருந்தது. டேப் பிடித்து அளந்து, ஒரு வரைபடத்தை இணைத்திருக்க வேண்டும். அளப்பதற்கு நான் போகவே இல்லை.

இலட்சியங்களையும் உரிமைகளையும், அரசமைப்பை இயற்றிய அரசியல் நிர்ணய சபை தெரிந்தேதான் பிரித்து வைத்தது. வங்கி தனக்கு வசதிப்படும்போது பணம் தரும் காசோலைதான் நான்காம் பகுதி என்று அதன் உறுப்பினர் கே.டி. ஷா அந்தச் சபையிலேயே குறை கூறினார். நான்காம் பகுதியில் காலக்கெடு வைக்கப்பட்டது கட்டாயக் கல்விக்கு மட்டுமே. பத்தாண்டுகளுக்குள் தர முயல வேண்டும் என்றது உறுப்பு 45. அந்தக் கெடு 1960-இல் முடிந்தது. 2002-ஆம் ஆண்டின் 86-ஆம் திருத்தம் அதை 21ஏ என்ற உரிமையாக மாற்றியது; அது நடைமுறைக்கு வந்த நாள் 1.4.2010.

அரசாங்கமே இதில் சறுக்கியிருக்கிறது. கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையைக் காப்பாற்ற, செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாநில அரசு நலிந்த பிரிவினரின் கல்வி நலனைப் பேணச் சொல்லும் நான்காம் பகுதியின் உறுப்பு 46-ஐக் காட்டியது. அடிப்படை உரிமைக்கு அது கட்டுப்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1951-இல் கூறி, அரசாணையைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டில் முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் உறுப்பு 15(4) சேர்க்கப்பட்டது. மஞ்சள் பையோடு வந்தவர்களுக்குச் சட்டத்தையே திருத்திக்கொள்ளும் அந்த வசதி இல்லை.

அதற்காக நான்காம் பகுதியை ஒதுக்கிவிடவும் கூடாது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உயிர்வாழும் உரிமையைக் கூறும் உறுப்பு 21-ஐ 45-உடன் சேர்த்துப் படித்துத்தான், பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று கூறியது. அடிப்படை உரிமைகளைக் கொண்ட மூன்றாம் பகுதியின் உறுப்பு ஒன்றை முன்னே நிறுத்தி, அதற்குப் பொருள் கூட்டுவதற்கு மட்டும் நான்காம் பகுதியை அழையுங்கள்.

இன்றைய முகவுரையை 1949-இன் முகவுரை என்று எண்ணுவது

‘சமதர்ம’, ‘மதச்சார்பற்ற’ என்பவை 1976-இன் 42-ஆம் திருத்தம் சேர்த்த சொற்கள்.

எல்லாவற்றையும் அம்பேத்கர் தனியே எழுதினார் என்பது

அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவுக்கும் தலைமை வரைவாளர் எஸ்.என். முகர்ஜிக்கும் உரிய பங்கை 25.11.1949 அன்று சபையில் அவரே எடுத்துக் கூறியிருக்கிறார்.

முதல் உட்பிரிவோடு நிறுத்திக்கொள்வது

உறுப்பு 22-இன் முதல் இரண்டு உட்பிரிவுகளைப் படித்தால் மனம் குளிரும்: கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரை அணுகவிட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள குற்றவியல் நடுவர்முன் நிறுத்த வேண்டும். குற்றம் செய்துவிடக் கூடும் என்று முன்கூட்டியே தடுப்புக் காவலில் வைக்கப்படுபவருக்கு இவை எதுவும் பொருந்தாது என்கிறது உட்பிரிவு (3). விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர்கள் பலர் அமர்ந்திருந்த சபையே இதை ஏற்றுக்கொண்டது என்பதை இன்றுவரை என்னால் இயல்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1950-இல், சென்னை மாநிலத்தில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் மனுவை உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை தள்ளுபடி செய்தது. உறுப்புகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்த்த அத்தீர்ப்பின் வாசிப்பு, 1978-இல் மேனகா காந்தி வழக்கில் கைவிடப்பட்டது. உட்பிரிவு (3) மட்டும் இன்னும் நூலில் இருக்கிறது.