பழைய மடிக்கணினியில் இன்னொருவர் பெயர்

ராமநாதபுரத்தில் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி மண்டபத்துக்குக் கொண்டுவந்தேன். திறந்ததும் முந்தைய உரிமையாளரின் பெயர்தான் திரையில் வந்தது. கடவுச்சொல்லைக் கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். உள்ளே மகளின் காதுகுத்துப் படங்கள், ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எல்லாம் அப்படியே கிடந்தன. விற்கும்போது அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வருத்தமாக இருந்தது. கடைக்காரர் மூலம் கேட்டு, படங்களைப் பென்டிரைவில் ஏற்றி அவருக்குச் சேர்ப்பித்தேன்.

பிறகு கணினியில் அவர் பெயரில் இருந்த பயனர் கணக்கை நீக்கப் பார்த்தேன். நாம் நுழைந்திருக்கும் கணக்கை அதற்குள்ளிருந்தே நீக்க முடியாது. புதிய கணக்கு தொடங்கி, அதற்கு நிர்வாகி உரிமை கொடுத்து, அதன் வழியே நுழைந்து பழையதை நீக்கினேன். பெயர் போய்விட்டது. ஆனால் அழித்த கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் உண்டே! அந்த ஆதார் நகலை நினைத்தால் மனம் கேட்கவில்லை. விண்டோஸ் 10-இன் ரீசெட் வசதியில், எல்லாவற்றையும் நீக்குவதோடு கோப்புகள் பதிந்திருக்கும் வன்வட்டை முழுவதும் துடைக்கும் தேர்வையும் சேர்த்தேன். இதை முதலிலேயே செய்திருந்தால் கணக்கோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சம். சார்ஜரைக் கழற்றாமல் இரவு முழுக்க ஓடவிட்டேன்.

காலையில் அடிமூடியைத் திறந்தேன். உப்புக்காற்றில் திருகுகள் துருவேறியிருந்தன. ராம் (RAM) எனும் நினைவக அட்டையின் பொன்னிறப் பற்களில் படிந்திருந்த மங்கலைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூரிகையால் துகள்களைத் தட்டிவிட்டு மாட்டினேன். இப்போது திரையில் வருவது என் பெயர்.